விலை கூடின பிஸ்டலா, சாதாரண பிஸ்டலா?

கேள்வி: ஐயா, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலையை எடைபோட்டு வாங்கும் ரேம்ப் நடத்துகிறேன். குலை கொண்டுவரும் சிறுதோட்டக்காரர்களில் பாதிப் பேர் கையில் காசு கேட்பவர்கள். அதனால் வாரத்தில் சில நாள் பேங்கில் பணம் எடுத்துக்கொண்டு தோட்டச் சாலையில் தனியாக வருகிறேன். போன வருஷம் இரண்டு மோட்டாரில் வந்து வழிமறித்தார்கள், வண்டியை நிறுத்தாமல் ஓட்டித் தப்பித்தேன். அதற்கப்புறம் மனுப் போட்டு, விசாரணை எல்லாம் முடிந்து, கைத்துப்பாக்கி உரிமம் கிடைத்துவிட்டது. கடைக்காரர் இரண்டு காட்டுகிறார். ஒன்று கிளாக் 19. இன்னொன்று சிஇசட் ஷேடோ 2, விலை இரண்டு மடங்குக்கு மேல். சுடும் கிளப்பில் இருக்கும் என் நண்பர் ஷேடோதான் கையில் வெண்ணெய் மாதிரி இருக்கும் என்கிறார். என் மனைவியோ, உயிர் விஷயத்தில் காசு பார்க்காதீங்க என்கிறார். இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். எதை வாங்குவது? பெயர் போட வேண்டாம்.

பதில்: தம்பி, கிளாக்கை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை வேறு இடத்தில் செலவழிக்க வேண்டும், அதையும் சொல்கிறேன். ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால் நாளைக்கே உங்கள் நண்பர் இன்னொரு தடவை கிளப்புக்குக் கூட்டிப்போய் அந்த ஷேடோவைக் கையில் கொடுப்பார், நாலு தோட்டா சுட்டுப் பார்ப்பீர்கள், மனசு மாறிவிடும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போலீசில் ஆயுதக் கிடங்கிலும் சுடும் திடலிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பாதுகாப்பு நிறுவனக் காவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நாள் முழுக்க இடுப்பில் ஆயுதம் வைத்திருப்பவர்களுக்கு எது தொல்லை கொடுக்கும், எது கொடுக்காது என்பதுதான் என் பிழைப்பு.

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. ஷேடோ 2 அருமையான பிஸ்டல். 1975-ல் கௌட்ஸ்கி சகோதரர்கள் செக்கோஸ்லோவாக்கியாவில் வடிவமைத்த சிஇசட் 75-இன் வழியில் வந்தது, உலகம் முழுக்க ஐபிஎஸ்சி என்கிற துப்பாக்கி சுடும் போட்டிகளில் பலர் கையில் பார்க்கலாம். முழுக்க எஃகு, வெறும் துப்பாக்கியே 1.33 கிலோ. அந்த எடைதான் சுடும்போது வரும் உதையை விழுங்கிவிடுகிறது, குழல் நுனியில் இருக்கும் முன்குறி துள்ளாமல் நிற்கிறது. விசையை, அதாவது டிரிகரை, தொட்டால் கண்ணாடி உடைகிற மாதிரி சட்டென்று விடுபடும். கிளாக்கின் விசைக்குச் சுமார் இரண்டரைக் கிலோ அழுத்தம் வேண்டும், நடுவில் ஒரு மாதிரி இழுபறியாகவும் இருக்கும். கிளப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டால் யாருக்கும் ஷேடோதான் பிடிக்கும், எனக்கும்தான்.

ஆனால் அந்த விசை ஏன் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று கடைக்காரரைக் கேட்டீர்களா?

சாதாரணமாக இடுப்பில் வைத்திருக்கிற இக்காலப் பிஸ்டலில் ஃபயரிங் பின் பிளாக் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கும். விசையை முழுக்கப் பின்னால் இழுத்தால் ஒழிய அது ஃபயரிங் பின்னை, அதாவது தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியை, முன்னால் போக விடாது. துப்பாக்கி கைதவறித் தரையில் விழுந்தாலும் பின் தோட்டாவைத் தொடாது. இந்தத் துண்டைத் தள்ளுவதற்கும் விசைதான் வேலை செய்ய வேண்டும், அதனால்தான் இழுவையில் ஒரு சொரசொரப்பு. ஷேடோ 2-இல் அந்தப் பிளாக்கே கிடையாது. போட்டிக்காரர்களுக்கு நல்ல விசை வேண்டும் என்று அதை வைக்காமல் செய்தார்கள். திடலில் இது பெரிய விஷயம் இல்லை. அங்கே அதிகாரி சொன்ன பிறகுதான் தோட்டா ஏற்றுவீர்கள், சுட்டு முடித்ததும் காலி செய்து காட்டுவீர்கள். நீங்களோ குழலுக்குள் தோட்டாவோடு வண்டியில் ஏறி இறங்கி, எடைபோடும் இடத்தில் குனிந்து நிமிர்ந்து, மழையில் வழுக்கும் செம்மண்ணில் நடக்கப் போகிறவர்.

இன்னொன்றும் இருக்கிறது. ஷேடோவில் தோட்டா ஏற்றியதும் சுத்தியல் பின்னால் நிமிர்ந்து நிற்கும். அதைப் பத்திரமாக இறக்குவதற்குத் தனி நெம்புகோல் அதில் இல்லை. நிமிர்ந்த சுத்தியலோடு, கையால் போடும் பாதுகாப்புப் பூட்டான கைப்பூட்டைப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உயிருள்ள தோட்டாவுக்கு மேலே சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்து, விசையை இழுத்து, மெதுவாக இறக்க வேண்டும். இதைத் தினமும் காலையில் வீட்டில் செய்வீர்களா? வியர்த்த கையோடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில்? அந்த விரல் ஒரு தடவை வழுக்கினால் போதும்.

கிளாக் 1982-ல் ஆஸ்திரிய ராணுவத்துக்குப் போனது, அதன் சின்ன உருவம்தான் 1988-ல் வந்த 19. அதில் மூன்று பாதுகாப்புகள் உள்ளேயே இருக்கின்றன, விசையை இழுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக விலகும், விட்டால் தானாகத் திரும்பி வரும். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடாது என்பது அதன் வடிவத்திலேயே யோசிக்கப்பட்டது. எடை சுமார் 670 கிராம், 15 தோட்டா ஏற்றினாலும் ஒரு கிலோவைத் தொடாது. ஷேடோவில் தோட்டா நிரப்பினால் ஒன்றரைக் கிலோ. நீளமும் 217 மில்லிமீட்டர், கிளாக்கோ 185. இந்த மூன்று சென்டிமீட்டர் கடையில் தெரியாது. ஹைலக்ஸ் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்ததும் விலா எலும்பில் தெரியும்.

எடை விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாதி இதிலிருந்துதான் தொடங்கின. கனமான ஆயுதம் முதல் மாதம் இடுப்பில் இருக்கும். இரண்டாவது மாதம் கணக்கு எழுதும் மேசை டிராயரில் இருக்கும். அப்புறம் வண்டி டேஷ்போர்டுக்குள் போய்விடும், வண்டியைப் பூட்டிவிட்டுத் தே தாரிக் குடிக்க இறங்குவீர்கள், கண்ணாடியை உடைத்து எவனோ எடுத்துப் போவான். உரிமம் போய்விடும், வழக்கு வரும், அதைவிட மோசம், உங்கள் பெயரில் பதிவான துப்பாக்கி எங்கோ ஒரு வீட்டில் கொள்ளையடிக்கப் போகும். ரேஸ் மோட்டாரை வாங்கிக்கொண்டு வந்து கப்சாய் என்கிற சின்ன மோட்டார் ஓட வேண்டிய தோட்டத்து மண்சாலையில் விடுவதுபோலத்தான் ஷேடோவை அன்றாடம் இடுப்பில் வைப்பது. வண்டியில் குறையில்லை, சாலைதான் வேறு.

இனி நம் ஊர் வெயிலும் வியர்வையும். இடுப்போடு ஒட்டிய எஃகு எப்படித் துருப்பிடிக்கும் என்று ரேம்பில் இருக்கிற உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, தராசின் தட்டைப் பார்த்தாலே தெரியும். விலை கூடின பிஸ்டலுக்கு நல்ல பூச்சு இருக்கும், ஆனால் உறையில் போட்டு எடுத்து மூலைகளில் பூச்சு தேய்ந்த இடத்தில் உப்பு வியர்வை வேலையைக் காட்டும். கிளாக்கின் உடல் பாலிமர், மேலே உள்ள எஃகு ஸ்லைடு நைட்ரைடு முறையில் கெட்டிப்படுத்தியது, தாங்கும். தாங்கும் என்பதற்காகத் துடைக்காமல் விடாதீர்கள், மாலையில் வீட்டுக்கு வந்ததும் காலி செய்து, உலர்ந்த துணியால் துடைத்து, வாரம் ஒரு முறை மெல்லிசாக எண்ணெய் போட வேண்டும். தோல் உறையை நம் ஊரில் நான் சிபாரிசு செய்வதில்லை. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும். விசையை முழுக்க மூடுகிற கெட்டியான பிளாஸ்டிக் உறை வாங்குங்கள், கைடெக்ஸ் என்பார்கள், அதோடு வளையாத தடித்த பெல்ட்.

கிளாக்கில் ஒரு ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். வெளியே கைப்பூட்டு கிடையாது. விசைக்குள் எது நுழைந்தாலும் அதற்கு விரல்தான். துப்பாக்கியை உறைக்குள் திரும்ப வைக்கும்போது சட்டை நுனி விசையில் மாட்டித் தொடையில் சுட்டுக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எடுப்பதற்குத்தான் வேகம் வேண்டும், திரும்ப வைப்பதற்கு ஒரு அவசரமும் இல்லை. சட்டையை இன்னொரு கையால் முழுக்கத் தூக்கி, உறையைக் கண்ணால் பார்த்து, விரலை நேராக நீட்டி வைத்து, மெதுவாக. காலையில் உறையோடு சேர்த்தே பெல்ட்டில் மாட்டுங்கள், துப்பாக்கியைத் தனியாக உருவி உருவி வைக்காதீர்கள்.

உங்கள் வீட்டம்மா சொன்னதை நான் மதிக்கிறேன். உயிர் விஷயத்தில் காசு பார்க்கக்கூடாதுதான். ஆனால் அந்தக் கூடுதல் விலை எதற்குப் போகிறது என்று பார்க்க வேண்டுமே. இருபத்தைந்து மீட்டரில் இருக்கிற அட்டையில் தோட்டாக்களை ஒரே கைப்பிடிக்குள் இறக்குவதற்கும், ஒரு விநாடியில் சில பங்கை மிச்சம் பிடிப்பதற்கும் போகிறது. உங்களை வழிமறித்தவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தார்கள்? வண்டிக் கதவுக்கு ஒரு எட்டு தள்ளி இருந்திருப்பார்கள். அந்தத் தூரத்தில் இரண்டு பிஸ்டலும் ஒன்றுதான். அங்கே பார்க்க வேண்டியது, இழுத்தால் வெடிக்கிறதா, அடுத்த தோட்டா சிக்காமல் ஏறுகிறதா, நடுங்கும் கையால் உருவ முடிகிறதா என்பதைத்தான். முதல் இரண்டிலும் சாதாரண கிளாக் எந்த விலை கூடின பிஸ்டலுக்கும் குறைந்ததில்லை. மூன்றாவதைக் கடையில் விற்பதில்லை, பயிற்சியில்தான் கிடைக்கும்.

அதனால் மிச்சப் பணம் அங்கே போகட்டும். உரிமம் உள்ளவர்களைச் சேர்க்கும் திடலில் ஒரு நல்ல பயிற்சியாளரிடம் சேருங்கள். வாங்கின துப்பாக்கியில் குறைந்தது இருநூறு முந்நூறு தோட்டா சுட்டு, நீங்கள் இடுப்பில் வைக்கப்போகிற அதே வகைத் தோட்டாவிலும் சில டஜன் போட்டுப் பார்த்து, ஒன்றுகூடச் சிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அதை நம்ப வேண்டும். நம் நாட்டில் தோட்டா நினைத்த அளவுக்கு வாங்க முடியாது, உரிமத்தில் போட்டிருக்கிற அளவுதான். ஆகவே திடலில் எவ்வளவு சுடலாம், அந்தக் கணக்கு எப்படி என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வந்தால் பெரும்பாலும் தோட்டா அடுக்கும் மேகசினால்தான் வரும், அதனால் மேகசின்களுக்கு எண் போட்டு வைத்து, தகராறு செய்வதை ஒதுக்கிவிடுங்கள். விசையை மென்மையாக்குகிறேன் என்று யாராவது வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ஆயுதத்தைப் பழுது பார்ப்பதற்கே இங்கே உரிமம் வேண்டும்.

இப்போது கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு இதுதான் பிஸ்டலைவிடப் பெரிய கவலை. எப்போது சுடலாம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லித்தந்தார்களா? நம் குற்றவியல் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தமிழில் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள், ஒரு வழக்கறிஞரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். 99-வது பிரிவு தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்கிறது, போலீசை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை என்கிறது. கொள்ளைக்காரனிடமிருந்து சொத்தைக் காப்பாற்றும் உரிமையும், 105-வது பிரிவின்படி, அவன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து செய்துகொண்டிருக்கும் அல்லது ஆளைத் தடுத்து வைத்திருக்கும் வரை, அல்லது உடனே செய்துவிடுவான் என்ற பயம் இருக்கும் வரைதான். பையைப் பிடுங்கிக்கொண்டு மோட்டாரில் ஏறி முதுகைக் காட்டிவிட்டான் என்றால் அந்தப் பயம் முடிந்துவிட்டது. அவன் முதுகில் சுட்டால் நீங்கள்தான் கூண்டில் நிற்பீர்கள். பணம் போகட்டும் தம்பி, அடுத்த வாரக் குலையில் வந்துவிடும். சரியான காரணத்துக்கே சுட்டாலும் அந்தத் துப்பாக்கி உடனே போலீஸ் கைக்குப் போகும், வழக்கு முடியும்வரை வராது. இரண்டு மடங்கு விலை கொடுத்ததும் கிடங்கில்தான் கிடக்கும்.

வீட்டில் தம்பி, மச்சான், டிரைவர் யார் இருந்தாலும், இன்றைக்கு நீ போய்ட்டு வா என்று துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பாதீர்கள். உரிமம் உங்கள் பெயரில். உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருந்தால் 1960-ஆம் வருடத்து ஆயுதச் சட்டம் ஒரு பக்கம், 1971-ஆம் வருடத்து துப்பாக்கிக் கடும்தண்டனைச் சட்டம் இன்னொரு பக்கம். பின்னதில் 14 வருடம்வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் இருக்கிறது. நம் நாடு துப்பாக்கியில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு உங்கள் ஊரே காரணம் சொல்லும். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரகாலம் வந்தது. அவசரகாலச் சட்டத்தில் உரிமமில்லாத ஆயுதத்துக்குத் தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதியை 1949 மே 4-ஆம் தேதி தூக்கிலிட்டதும் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகத்தான். நம் ஜனங்களுக்கு இது தெரியாத கதை இல்லை, லயத்து வீடுகளில் தாத்தாமார் சொல்லிக் கேட்டதுதான். இந்த நாட்டில் அந்த உரிமத் தாளை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதை எவ்வளவு பத்திரமாகப் பார்க்க வேண்டும் என்று யோசியுங்கள்.

வீட்டில் தரையில் போல்ட் அடித்த இரும்புப் பெட்டி வேண்டும், அதுவும் மிச்சப் பணத்தில்தான். அலமாரியில் துணிக்கடியில் ஒளித்து வைத்தால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்கிற பெற்றோர் எல்லாருமே தவறாக நினைக்கிறார்கள்.

அப்புறம், பணத்தைக் குறைக்கப் பாருங்கள். குலை கொண்டுவருகிறவர்களில் இளைஞர்களுக்கு டூயிட்நவ் என்கிற பேங்க் பணப்பரிமாற்றத்தில் அனுப்பலாம், கைப்பேசியிலேயே வந்துவிடும். பெரியவர்கள்தான் கையில் காசு கேட்பார்கள், அவர்களுக்கும் பேங்கில் கணக்கு இருக்கும், மகனையோ மகளையோ கூட்டிவரச் சொல்லிப் பேசிப் பாருங்கள். பாதிப் பேர் மாறினாலே நீங்கள் எடுத்துவரும் தொகை பாதியாகும். பேங்குக்குப் போகும் நாளையும் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருங்கள். உங்களை மறித்தவர்களுக்கு நீங்கள் எப்போது வருவீர்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், ரேம்பில் வேலை செய்பவர்கள் முன்னால் பேங்க் பேச்சே எடுக்காதீர்கள். இடுப்பில் துப்பாக்கி இருப்பதும் அவர்களுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் அடுத்த தடவை வருகிறவர்கள் துப்பாக்கியைக் குறிவைத்தே வருவார்கள்.

அந்த முன்பணத்தை இந்த வாரம் கட்டாதீர்கள். முதலில் உங்கள் உரிமத்தில் என்ன வகை, என்ன காலிபர், எத்தனை தோட்டா என்று எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படித்து, புரியாததை மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் உரிமம் பார்க்கிற பிரிவில் கேளுங்கள். எங்கெல்லாம் கொண்டுபோகலாம், பேங்கிற்குள் போகும்போது என்ன செய்ய வேண்டும், கோயிலுக்குப் போகும் நாளில் எங்கே வைப்பது, எல்லாவற்றையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். பிறகு கடைக்குப் போய்க் கிளாக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்புக்கு முன்னால் உள்ள சதை விசையில் நேராக உட்கார வேண்டும், பிடியை மாற்றாமல் மேகசினை விடுவிக்கும் பொத்தான் எட்ட வேண்டும். உங்கள் கை சின்னது என்றால் பிடியின் பின்பக்கத் தகட்டை மாற்றிப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், புதிய கிளாக்குகளில் பெட்டியோடு வரும். சரியாக இருந்தால் அன்றைக்கே கட்டுங்கள்.